இருபத்து நான்காவது சீட்டு

எங்கள் ஸ்டூடியோவில் என் வேலைக்குப் பெயர் மூல ஒப்பீடு. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்து என்ன வேலை என்று கேட்டார். மூலத்தைப் பார்க்கிற வேலை என்றேன். "அதுக்கு டாக்டருக்கில்ல படிச்சிருக்கணும், நீ எதுக்கு இலக்கியம் படிச்சே?" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவுக்கு மட்டும் சுருக்கென்றது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் வேலையை யார் கேலி பேசினாலும் அவருக்குப் பொறுக்காது.

உண்மையில் வேலை சின்னதுதான். மாங்கா என்கிற ஜப்பானிய பாணிப் படக்கதை ஒன்றை நாங்கள் டிவிக்கு அனிமே தொடராக, அதாவது கார்ட்டூனாக, எடுக்கிறோம். இயக்குநர் ஒவ்வொரு பகுதிக்கும் காட்சிகளை வரிசையாக வரைந்து ஸ்டோரிபோர்டு போடுவார். நான் ஒரு பக்கம் புத்தகத்தையும் இன்னொரு பக்கம் ஸ்டோரிபோர்டையும் வைத்துக்கொண்டு, எது கூடியது, எது குறைந்தது, எது இடம் மாறியது என்று கட்டம் கட்டமாகப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். நாற்பது பேர் வரைகிற கூடத்தில் வரையத் தெரியாத ஒரே ஆள் நான். என் மேசை ஏசிக்கு நேர் கீழே, தண்ணீர் சொட்டுகிற இடத்தில்.

அந்த மாங்காவின் பெயர் 'பாலத்துக்காரி'. சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு நீளமான பாலம். பாலத்தின் மத்தியில் ஒரு சாவடி, அதில் ஒரு பெண். யார் கடந்தாலும் தன் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவள் மட்டும் இந்தக் கரையிலும் கால் வைக்கக் கூடாது, அந்தக் கரையிலும் வைக்கக் கூடாது. வேறு ஒருவர் தானாக வந்து அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு விடுதலை. புத்தகமாக ஒன்பது பாகம் வந்திருந்தது. ஒன்பதாவதன் கடைசிப் பக்கத்தில் பாலத்தின் முனையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அதோடு ஆசிரியர் வரைவதை நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் இழுவை. முகத்துக்கு நேரே சார். மாங்காவில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விரல் அகலத்தில் வெள்ளையாக ஓர் இடம் இருக்கும். முதல் கட்டத்தில் அவள் கதவருகே நிற்பாள். அடுத்ததில் கதவு மூடியிருக்கும். நடுவில் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்பது படிக்கிறவள் பாடு. இழுவைக்கு அந்த வெள்ளையைக் கண்டால் ஆகாது. அதில் காற்றடிக்க வைப்பார், திரைச்சீலையை ஆட்டுவார், அவளைப் பெருமூச்சு விட வைப்பார், போதாததற்கு மனசுக்குள் பேசவும் வைப்பார். ஒரு பக்கத்தை நாலு நிமிடம் இழுப்பார். பட்டியலில் 'மூலத்தில் இல்லை', 'மூலத்தில் இல்லை' என்று எழுதி எழுதி என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

"ஏம்மா, கூட்டிக் கழிச்சுப் பாத்தா எல்லாமே மூலத்துல இல்லைங்கிற. அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்" என்றேன்.

கூடத்தில் நாற்பது பென்சிலும் நின்றன. அன்றிலிருந்து அவர் என் பட்டியலைப் படிப்பதில்லை. டீக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

அவர் அடங்கிப்போகிற ஒரே பொருள் சீட்டு. ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஸ்டோரிபோர்டும் ஆசிரியருக்குப் போக வேண்டும். அவர் ஒரு துண்டுத் தாளில் சிவப்புப் பென்சிலால் கருத்தை எழுதி அனுப்புவார். அதில் இருப்பதைச் செய்தே ஆக வேண்டும். சீட்டு வராமல் யாரும் ஒரு கோடுகூட இழுக்கக் கூடாது. ஆசிரியர் வேறு ஊரில் இருந்தார். போனை எடுக்க மாட்டார், எல்லாம் தபால்தான். அனுப்புவதும் உறையைப் பிரிப்பதும் என் பொறுப்பு. முதல் எட்டுச் சீட்டிலும் ஒரே வாசகம்: 'பார்த்தேன். சரி.' அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். பெற்ற பிள்ளையை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஒரு மனுஷன் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டாரா?

ஒன்பதாவது சீட்டு வரவே இல்லை. மூன்று வாரம் ஆயிற்று. நாற்பது பேரும் காகிதத்தில் பூனை வரைந்துகொண்டிருந்தார்கள். தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற அக்கா மணிக்கொருதரம் என் மேசைக்கு வந்தாள்.

"வந்துச்சா?"

"வரலை அக்கா."

"எப்படியும் பார்த்தேன், சரின்னுதானே வரப்போகுது. ரெண்டே வார்த்தை" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் புலம்பினாளா, வழி சொன்னாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கீழே கடைக்குப் போய்ச் சிவப்புப் பென்சில் வாங்கி வந்தேன். ஆசிரியரின் எழுத்து அச்செழுத்துப்போலத் தனித்தனியாக நிற்கும். பார்த்து எழுதக் கடினமில்லை. 'பார்த்தேன். சரி.' நாற்பது பேரும் வேலையை ஆரம்பித்தார்கள். பத்தாவதற்குத்தான் நான் கெட்டேன்.

புத்தகத்தில் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: 'என்னை இங்கே கொண்டுவந்து விட்டவர் அப்பா.' முகம்கூடக் கிடையாது. இழுவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். பத்தாம் பகுதியில் அப்பா கரையில் ஓடி வருகிறார், முட்டி போட்டு விழுகிறார், மன்னித்துவிடு மகளே என்று கதறுகிறார், பின்னணியில் பாட்டு. நான் 'மூலத்தில் இல்லை' என்று எழுதினேன். பட்டியல் கோப்பைக்கு அடியில் போயிற்று. என் கையில் சிவப்புப் பென்சில் இருந்தது.

எழுதினேன்: 'அப்பா ஓடி வரக் கூடாது, அழக் கூடாது. கரையில் ஒரு மரத்தடியில், இடது கையில் குடையைப் பிடித்தபடி நிற்கட்டும். மகள் பார்த்துவிடுகிறாள். பொத்தான்களை நிறம் பிரிக்கிறவள்போலக் குனிந்துகொள்கிறாள். அவர் குடையை ஒரு தடவை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார். பாட்டு வேண்டாம்.'

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அப்பா சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். என் கல்லூரிக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. வேலை முடிந்து வரும் வழியில் அங்கே வந்து நிற்பார். சட்டை, கை, காது மடல் எல்லாம் பெயிண்ட். வாசலுக்கு வர மாட்டார். சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்கு வலது தோள் மேலே எழும்பாது. அதனால் குடை இடது கையில். நான் என் வகுப்புப் பெண்களோடு வெளியே வருவேன். செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிவேன். அவர் குடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவார். மூன்று வருடம் இப்படித்தான்.

இழுவை அந்தச் சீட்டை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்தார். தன் ஸ்டோரிபோர்டின் ஆறு பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"பாருங்கடா. எழுத்துன்னா இது. ஒரு அழுகை உண்டா, ஒரு பாட்டு உண்டா? நெஞ்சைப் பிடுங்குது பாரு" என்று கூடத்துக்கே படித்துக் காட்டினார்.

என் தலையில் ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் யாரும் ஒரே தடவையில் கேட்டதில்லை.

காட்சிகளுக்கு இடம் பிரித்து வரைகிறவருக்கு ஸ்கேல் அண்ணன் என்று பெயர். அடுத்த நாள் அவர் வந்து தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, குடை இடது கையில இருந்தா மூஞ்சி மறையுது. அதனால ஷாட்டைக் கண்ணாடியில பாக்கிற மாதிரி அப்படியே திருப்பிப் போட்டுட்டேன். இப்ப குடை வலது கையில. ஆசிரியர் கோச்சுப்பாரா?"

"மாட்டாரு அண்ணே" என்றேன்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மாலை வீட்டில் மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவுக்குக் கதை புரியாது, என் கம்பெனியின் பெயர் கடைசியில் வருவதற்காக உட்கார்ந்திருப்பாள். கரை வந்தது. மரம் வந்தது. குடை உயர்ந்து தாழ்ந்தது.

"அந்த ஆளுக்குத் தோள் நல்லாத்தான் இருக்கு போல" என்றார் அப்பா. பிறகு, துணி காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று மாடிக்குப் போனார். அன்றைக்கு அம்மா துணியே துவைக்கவில்லை.

அந்த ஒரு காட்சி ஊரெல்லாம் ஓடியது. சீட்டு விஷயத்தைக் கேள்விப்பட்ட ஒரு பத்திரிகை, 'தன் கதையைத் தகப்பனைப்போலக் காவல் காக்கும் ஆசிரியர்' என்று எழுதியது. பன்னிரண்டு பகுதியோடு முடிய வேண்டிய தொடர் இருபத்து நான்கு ஆயிற்று. ஆசிரியரிடமிருந்து அதற்குப் பிறகும் எதுவும் வரவில்லை. பத்திலிருந்து இருபத்து மூன்று வரை ஒவ்வொரு சீட்டையும் நான்தான் எழுதினேன். எங்கே காற்று வேண்டாம், எங்கே அவள் பேசாமல் இருக்க வேண்டும், எந்த இரண்டு கட்டத்துக்கு நடுவே எதையும் நிரப்பக் கூடாது. எல்லாம் நடந்தது.

எனக்கு என்ன வேண்டும் என்பதை மறைப்பானேன். கூடத்துக்கு அடுத்து எழுத்தாளர் அறை என்று ஒன்று இருக்கிறது. நாலு நாற்காலி. மூன்றில் ஆள் உண்டு, நாலாவது காலி. அதில் நான் உட்கார வேண்டும். தொடரின் தொடக்கத்தில் என் பெயர் ஓட வேண்டும், அப்பா அதைப் படிக்க வேண்டும். பதினேழாம் பகுதிக்கு ஒரு காட்சி எழுதி, தட்டச்சு செய்து, மேலே என் பெயரைப் போட்டு இழுவையிடம் கொடுத்தேன். பாலத்துக்காரியிடம் ஒரு சிப்பாய் வருகிறான். அவன் சட்டையில் பொத்தானே இல்லை, எல்லாம் முன்பே பிய்ந்துவிட்டது. அவனை அவள் என்ன செய்வாள் என்பது காட்சி.

மறுநாளே திருப்பிக் கொடுத்தார். "இதுல உயிர் இல்லம்மா. நீ ஒப்பிட்டுப் பாக்கிறவ. பாக்கிற கண்ணு வேற, படைக்கிற கண்ணு வேற. ஆசிரியரோட சீட்டையெல்லாம் எடுத்து வெச்சு ஒரு வருஷம் படி."

அடுத்த வாரம் அதே காட்சியைச் சிவப்புப் பென்சிலில் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மேசையைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது.

எழுதினது நான்தான் என்று சொல்லலாம். சொன்னால் அது கள்ளக் கையெழுத்து, அன்றைக்கே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். அதற்குள் அப்பாவுக்கு மற்றத் தோளும் போய்விட்டது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். சொல்லாவிட்டால் காலம் முழுக்க இன்னொருவரின் பென்சிலாக இருக்க வேண்டும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இருபத்து மூன்றாம் பகுதி வரையப்படும்போது புத்தகத்தின் பத்தாம் பாகம் வந்தது. ஆமாம், ஒரு வருடத்துக்கும் மேல் வாயைத் திறக்காத மனிதர் திடீரென்று ஒரு பாகம் வரைந்து வெளியிட்டுவிட்டார். கட்டுக்கட்டாக ஸ்டூடியோவுக்கு வந்திறங்கியது. எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வேலை. புதுப் புத்தகம் என்றால் புது ஒப்பீடு.

முப்பத்தோராம் பக்கம். முழுப் பக்கத்துக்கும் ஒரே படம். கரை, மரம், குடை, என் அப்பா. அடுத்த பக்கத்தில் மகள் குனிந்து பொத்தான்களைப் பிரிக்கிறாள். எழுபத்து நாலாம் பக்கத்தில் பொத்தானில்லாத சிப்பாய், நான் எழுதிய வசனம் ஒரு சொல் பிசகாமல்.

முதலில் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மிஞ்சிப் போனால் அரை நிமிடம். பிறகுதான் உறைத்தது. இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் எங்கள் தொடரைப் பார்த்துப் புத்தகமாக வரைந்திருக்கிறார். நேற்றுவரை மூலத்தில் இல்லாதது இன்றைக்கு மூலம். இனி எவள் கேட்டாலும் குடை பிடித்த மனிதர் அவருடைய கற்பனை, என் அப்பா அல்ல.

இரண்டாம் முறை பார்க்கும்போது கையைக் கவனித்தேன். புத்தகத்தில் குடை வலது கையில் இருந்தது. ஸ்கேல் அண்ணன் திருப்பிப் போட்ட வலது கை. சீட்டில் இடது கை என்று தெளிவாக இருக்கிறது. சீட்டை எழுதியவர் வரைந்திருந்தால் இடது கையில் அல்லவா வரைந்திருப்பார்? உலகத்திலேயே இந்த வித்தியாசத்தைப் பிடிக்கக்கூடியவள் நான் ஒருத்தி. பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அரை மணி நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: 'பத்தாம் பாகம், பக்கம் 31: குடை வலது கையில். படம், பகுதி 10: வலது கையில். ஆசிரியரின் சீட்டு: இடது கையில். வேறுபாடு: சீட்டை எழுதியவரும் இந்தப் பக்கத்தை வரைந்தவரும் ஒருவரல்லர்.' அதை இழுவையிடம் கொடுக்கவில்லை. கோப்பைக்கு அடியில் போய்விடும். நேராகத் தயாரிப்பு அக்காவின் அறைக்குப் போய் மேசையில் வைத்தேன்.

அவள் அறை பெட்டிகளை அடுக்குகிற கிடங்கு. ஒரே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல் கிடையாது. படித்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"உக்காரு."

"நிக்கிறேன் அக்கா."

"உக்காருடி."

உட்கார்ந்தேன்.

"கடைசி வரியை எடுத்துடு."

"அது உண்மை அக்கா."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா? ஒன்பதாவது சீட்டுலயே தெரியும். அவர் சீட்டைப் பிரிச்சா சிகரெட்டு நாத்தம் குப்புனு அடிக்கும். உன்னோடதுல பவுடர் வாசம்."

ஒரு வருடமாக ராத்திரிக் கனவில் யார் யாரோ என்னைக் கையும் பென்சிலுமாகப் பிடித்திருக்கிறார்கள். பவுடரை யோசிக்கவே இல்லை.

"அப்ப ஆசிரியருக்கு?"

"போன வாரம் நேர்ல போய்ப் பாத்தேன். யாரும்மா என் சீட்டை எழுதறதுன்னு அவரே கேட்டாரு. எங்க ஆபீஸ் பொண்ணுதான் சார்னு சொல்லிட்டேன். எனக்குக் கை இருக்கு, கதை வத்திப்போச்சு, அந்தப் பொண்ணையே எழுதச் சொல்லுங்கன்னாரு. கோவமே இல்லை. சந்தோஷமா இருந்தாரு, தெரியுமா?"

"அவருக்கு என்ன, சந்தோஷமாத்தான் இருக்கும். என் பேரு எங்க அக்கா?"

"பேருக்கு என்னடி அவசரம்? இருபத்தஞ்சு வயசு. பேரு எங்க போயிடும்?"

"அந்த நாலாவது நாற்காலியைக் குடுங்க. சீட்டு எழுதறதை விட்டுடறேன்."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் எரிச்சல். "அந்த ரூம்ல இருக்கிற மூணு பேரும் எழுதறதுல இழுவை எதையாவது கேக்கிறானா? அங்க போனா நீ நாலுல ஒருத்தி. பேரு ஓடும், பேச்சு ஓடாது. இங்க நீ சொல்றதுக்கு நாப்பது பேர் வரையறாங்க. உன் வேலை என் வேலையைவிடக் கெட்டி. யோசிச்சுப் பாரு."

அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். சிவப்புப் பென்சில், ஒரு டஜன், புதிது.

வேலை போகும் என்று தயாராகி வந்தவள் நான். தள்ளிவிட்டிருந்தால் எங்கே விழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். வைத்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த வரியை அடித்தேன். பென்சில்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மேசையில் இருபத்து நான்காம் பகுதியின் ஸ்டோரிபோர்டு கிடந்தது. கடைசிப் பகுதி. ஏசித் தண்ணீர் அதன் ஓரத்தை நனைத்திருந்தது.

பத்தாம் பாகத்திலும் ஆசிரியர் கதையை முடிக்கவில்லை. அதனால் முடிவை இழுவையே போட்டிருந்தார். அப்பா குடையோடு வருகிறார், மகள் ஓடி வந்து கரையில் கால் வைக்கிறாள், கட்டிப்பிடிக்கிறார்கள், பொத்தான்கள் எல்லாம் பூப்போலப் பறக்கின்றன. முக்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தால்தான் விடுதலை என்ற விதி என்ன ஆனது? ஓரத்தில் எழுதியிருந்தார்: 'அன்பு எல்லா விதியையும் உடைக்கும்.'

வீட்டுக்கு எடுத்துப்போனேன். மறுநாள் காலை அப்பா முற்றத்துக் குழாயடியில் கல்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு தோளும் எழும்பாததால் முகம் கழுவக்கூடத் தலையைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். நான் துண்டோடு நின்றேன். ஊருக்கெல்லாம் அழகாகத் தெரிந்த அந்தக் குடைமேல் எனக்கு அன்றைக்குக் கோபமாக வந்தது. மூன்று வருடம் வந்து வந்து நின்ற மனிதர், நாலு எட்டு வைத்துச் சாலையைக் கடந்தால்தான் என்ன? எவள் சிரித்தால் என்ன?

"ஏம்ப்பா, ஒரு நாளாவது காலேஜ் வாசல் வரைக்கும் வந்திருக்கலாமே?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யோசிக்கவே இல்லை.

"நீ குனிஞ்சுக்கிட்டியே."

அவ்வளவுதான். துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஆபீசுக்குப் போனேன். சிவப்புப் பென்சிலைத் தொடவில்லை. என் நீலப் பேனாவால், என் கோணல் எழுத்தில் எழுதினேன்: 'அவள் இந்த முறை குனியவில்லை. "ஏம்ப்பா ஒரு நாளும் ஏறி வரலை?" என்று பாலத்திலிருந்து கேட்கிறாள். அவர், "நீ குனிஞ்சுக்கிட்டியே" என்கிறார். பிறகு குடையை மடக்கிவிட்டுப் பாலத்தில் ஏறி வருகிறார். முக்காலியின் ஓரத்தைப் பிடிக்கிறார். அவர் உட்கார்ந்தால் அவளுக்கு விடுதலை. அவள் எழுந்திருக்கவில்லை. முடிந்தது. காற்று வேண்டாம், பாட்டு வேண்டாம்.' கீழே என் பெயரை, அப்பாவின் முதல் எழுத்தோடு, முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "இது செல்லாது. தெரியும்ல?"

"தெரியும். ஆசிரியரையே எழுதச் சொல்லுங்க. என் கையால இன்னொருத்தர் எழுத்து இனிமே வராது."

"நாப்பது பேர் உக்காந்திருக்காங்கடி."

"பூனை வரையட்டும்."

அவள் என் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானமே ஆசிரியரின் ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

நான்காம் நாள் உறை வந்தது. பிரித்ததும் சிகரெட் நாற்றம் குப்பென்று அடித்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் உண்மையான சீட்டு. சிவப்புப் பென்சில், அச்செழுத்துப்போலத் தனித்தனியாக நிற்கிற எழுத்து. அவள் குனியவில்லை. ஏம்ப்பா ஒரு நாளும் ஏறி வரலை. குடையை மடக்குகிறார். முக்காலி. அவள் எழுந்திருக்கவில்லை. காற்று வேண்டாம், பாட்டு வேண்டாம். என் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார், வரி வரியாக. என் பெயரை எழுதவில்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. இன்னொரு வரியும் இல்லை. மகள் கேட்கிறாள், அப்பா பதில் பேசாமல் குடையை மடக்குகிறார்.

மறந்துவிட்டாரா, பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த வரி இல்லாவிட்டால் அப்பாவும் நல்லவர், மகளும் நல்லவள்.

இழுவை சீட்டைக் கூடத்தின் நடுவே நின்று படித்தார். குரல் உடைந்தது. நான் எழுந்து அவர் அருகே போனேன்.

"சார், ஒரு வரி விட்டுப்போச்சு. அவ கேட்டதும் அப்பா பதில் சொல்லணும்."

"என்ன பதில்?"

"நீ குனிஞ்சுக்கிட்டியே."

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையும் இழுத்துக் கெடுக்கிற ஆள்தான், ஆனால் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். அந்த வரி அவருக்குள் போய் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு" என்றார் மெதுவாக. "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா சீட்டுல இல்லையே."

"இல்ல சார்."

"நானா சேத்தா, நீதானே மொத ஆளா வந்து மூலத்துல இல்லைன்னு எழுதுவே?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்தும் நின்றார். கூடத்தில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், பயணம் போய்வந்த கசங்கிய புடவையோடு.

"ஆமா சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சீட்டைச் சுவரில் ஒட்டினார். நாற்பது பேரும் பென்சிலை எடுத்தார்கள். நான் என் மேசைக்குத் திரும்பி, இருபத்து நான்காம் பகுதிக்குப் புதுத் தாள் எடுத்து மூன்று பத்தி கோடு போட்டேன். மூலம், படம், வேறுபாடு. மூன்றாவது பத்தியில் 'எதுவும் இல்லை' என்று எழுதித் தேதி போட்டேன்.